இறந்தவர் எழுதிய குத்தகைச் சீட்டு

அத்தியாயம் 6

நூர்ஜஹான் எந்தக் காகிதத்தையும் எடுத்த எடுப்பில் படிக்க மாட்டாள். முதலில் பார்ப்பாள். தஞ்சாவூர் கோர்ட் வாசலில் பதினெட்டு வருஷமாகத் தட்டச்சு மிஷின் போட்டு மனு அடித்துக் கொடுப்பவளுக்கு, காகிதம் சொல்வது ஒன்று, காகிதத்தின் லட்சணம் சொல்வது வேறொன்று என்று தெரியும். அப்படிப் பார்த்துப் பார்த்தே நாலைந்து வக்கீல்களுக்குக் கள்ளக் கையெழுத்தும் போலி வாரிசும் பிடித்துக் கொடுத்திருந்தாள்.

1984 ஆவணி மாதத்தின் அந்தக் காலையில் அவள் மேசை மேல் கிடந்தது ஒரு குத்தகைச் சீட்டின் போட்டோஸ்டாட் பிரதி.

"எழுதினவர் இளையபெருமாள். செத்துட்டாராம்," என்றான் பக்கீர் முகம்மது. "முதல் சாட்சி செத்துட்டார். ரெண்டாம் சாட்சியும் செத்துட்டார். வானத்துலேருந்து மலக்குகளே எறங்கி வந்து எழுதின சீட்டு போல, லாத்தா."

பக்கீர் அவளுடைய தம்பி. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, முதலாளியிடம் வாயைக் கொடுத்து வேலையை இழந்தவன். இப்போது அக்காளுக்காக ஊர் ஊராக அலைந்து தகவல் கொண்டுவருவான். வேலை போனாலும் வாய் மட்டும் போகவில்லை.

எதிரே பெஞ்சில் கமருன்னிஸா உட்கார்ந்திருந்தாள். அய்யம்பேட்டைக்காரி. புருஷன் மூஸா அபுதாபியில் கம்பி கட்டுகிறான். அவன் ஏழு வருஷம் வெயிலில் நின்று அனுப்பியதைச் சேர்த்து, திருவையாற்றுக்குக் கிழக்கே பனையடிமங்கலத்தில் ஆறு மா நன்செய், அதாவது ரெண்டு ஏக்கர் வாங்கினாள். விற்றவர் மிராசுதார் தியாகசுந்தரம். நடுவில் தரகர் கிடையாது. "சொந்தப் பண்ணையில இருக்கிற நெலம். ஒரு வில்லங்கமும் இல்ல. நல்ல குடும்பத்துக்குப் போகட்டும்னுதான் நேர்ல வந்தேன்" என்று அவரே வீடு தேடி வந்து காபி குடித்துவிட்டுப் போனார். பத்திரமும் பதிவானது.

முதல் உழவுக்கு ஆள் அனுப்பினால், வயலில் காத்தான் என்ற மனிதர் ஏர் பூட்டி நின்றார். கையில் இந்தச் சீட்டு. 1974 ஆனி மாதத்திலிருந்து மேற்படி நிலத்துக்கு அவர்தான் குத்தகைதாரர் என்றது அது.

குத்தகைதாரரை வயலை விட்டு இறக்குவது லேசான காரியமில்லை. உழுகிறவனைக் காப்பாற்ற வந்த சட்டம் அப்படி. பத்தே நாளில் மிராசுதாரின் கணக்குப்பிள்ளை அய்யம்பேட்டைக்கு வந்தார். "குத்தகைக்காரன் குந்தியிருக்கிற நெலத்தை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவீங்க. பாதி வெலைக்குத் திருப்பிக் கொடுத்துடுங்க. ஐயா பெரிய மனசு பண்ணி வாங்கிக்கிறேங்கிறார்" என்றார் பரிவாக. அந்தப் பரிவுதான் கமருன்னிஸாவுக்குச் சுருக்கென்றது. நேராகத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறி, வக்கீல் ரெத்தினத்திடம் வந்து வழக்குப் போட்டுவிட்டாள். முதல் பிரதிவாதி தியாகசுந்தரம். இரண்டாம் பிரதிவாதி காத்தான்.

"இதே நெலத்தை முன்னாடி ஒரு ரிட்டையர்டு வாத்தியாருக்கு வித்து, இதே மாதிரி அரை வெலைக்குத் திருப்பிக்கிட்டாராம். ஊர்ல சொல்றாங்க," என்றாள் கமருன்னிஸா. "வாத்தியார் கோர்ட்டுக்குப் பயந்துட்டார். நான் பயப்படல. ஆனா இந்தச் சீட்டு நெசமா இருந்தா என்ன பண்றது?"

நூர்ஜஹான் பிரதியைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"பக்கீரு, இதுல 'லை' எப்படி எழுதியிருக்கு பாரு."

"'லை' மாதிரிதான் இருக்கு."

"அதுதான் தப்பு."

1978 வரைக்கும் 'லை', 'னை' எல்லாம் முன்னால் யானைத் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். 'ணா', 'றா', 'னா' எல்லாம் காலைச் சுருட்டிக்கொண்டிருக்கும். அந்த வருஷம் அரசாங்கம் ஆணை போட்டுப் பதிமூன்று எழுத்துகளை மாற்றியது. நூர்ஜஹானுக்கு அது மறக்காது. அவள் மிஷினில் பழைய எழுத்தைப் பிடுங்கிப் புது எழுத்து வைக்க மெக்கானிக் மூன்று நாள் எடுத்துக்கொண்டான். மூன்று நாளும் பிழைப்பு போயிற்று.

இந்தச் சீட்டிலோ ஒரு தும்பிக்கைகூட இல்லை. எல்லாம் புது எழுத்து. தேதி மட்டும் 1974.

பக்கீர் மெதுவாக விசிலடித்தான். "நாலு வருஷம் கழிச்சு வரப்போற எழுத்தை அப்பவே எழுதியிருக்கார். ஜோசியக்காரர் போல."

"அப்ப ஜெயிச்சிட்டோமா லாத்தா?" என்றாள் கமருன்னிஸா.

"இவ்வளவு சுளுவா கெடைக்கிற ஆதாரத்தை நான் நம்புறதில்ல," என்றாள் நூர்ஜஹான். "இந்த இளையபெருமாள் பழைய எழுத்துல எழுதின வேற பத்திரம் ஒண்ணு வேணும். ரெண்டையும் பக்கத்துல வச்சாத்தான் ஜட்ஜுக்குப் புரியும். நீ திருவையாறு போ பக்கீரு. பத்திரம் எழுதுறவங்க உக்கார்ற எடத்துல விசாரி."

அவன் கிளம்பும்போது கோர்ட் வராந்தாவைக் கண்ணால் காட்டினாள். அங்கே சுவரோரமாகக் காத்தான் குந்தியிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை சேறு காய்ந்த தடம். யாரிடமும் பேசவில்லை. மரத்தடியில் நிற்கும் மிராசுதாரின் காரை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

"அந்த ஆளையும் பாத்துக்க. பொய் சொல்ல வந்தவன் நாலு பேர்கிட்டயாவது புலம்புவான். இவர் வாயே தெறக்கல. நல்லாப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

சாயங்காலம் நாலு மணிக்கு பக்கீர் திரும்பி வந்தான். முகத்தில் வெற்றியும் குழப்பமும் பாதிப்பாதி.

"லாத்தா, செத்துப்போன இளையபெருமாளுக்கு ஒரத்தநாட்டுல கீரைத்தோட்டம் இருக்கு."

"என்ன சொல்ற?"

"தொழில் படுத்துப்போச்சுன்னு நாலு வருஷத்துக்கு முந்தி மக வீட்டோட போயிட்டாராம். கால்நடைப் பண்ணைக்குப் பின்னால வீடு. மருமகன் அங்க வேலை. ஊரைக் காலி பண்ணிட்டுப் போனதை, உலகத்தையே காலி பண்ணிட்டதா மிராசு நெனச்சுட்டார்."

மறுநாள் காலை இருவரும் ஒரத்தநாடு பஸ்ஸில் இருந்தார்கள். வழியெல்லாம் நூர்ஜஹான் மனதுக்குள் கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தாள். எழுதியவரே உயிரோடு வந்து 'இது நான் எழுதலை' என்று சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது. அப்படி முடிந்துவிடும் என்பதுதான் அவளுக்கு உறுத்தியது.

வீட்டு வாசலில் நுழைந்ததுமே பக்கீர் நின்றுவிட்டான்.

"லாத்தா, கொடியைப் பாரு."

கொடியில் மூன்று சட்டைகள் காய்ந்தன. மூன்றும் கறுப்பு.

நூர்ஜஹானுக்குப் புரிந்துவிட்டது. புது எழுத்து 1978-இல்தான் சட்டமானது. ஆனால் சட்டமாவதற்கு நாற்பது வருஷம் முன்பிருந்தே அப்படி எழுதியவர்கள் உண்டு. அந்த எழுத்துக்குப் பெயரே பெரியார் எழுத்துதான்.

இளையபெருமாள் எழுபதைத் தொட்டவர். நிமிர்ந்த உடம்பு. அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து மோர் கொடுத்த பிறகே வந்த காரியத்தைக் கேட்டார். பிரதியை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"என் கையெழுத்து மாதிரித்தான் இருக்கு. எழுத்தும் என்னுது மாதிரித்தான்."

"இந்தச் சீட்டை எழுதினதா ஞாபகம் இருக்காங்க ஐயா?"

"முப்பத்தோரு வருசம் எழுதினேம்மா. வந்த குத்தகைச் சீட்டுக்கெல்லாம் கணக்கு வச்சிக்கிட்டா இருக்க முடியும்? காத்தான்னு நெறைய பேர் உண்டு."

"ஆனா 1974-ல இந்த எழுத்து..." என்று இழுத்தாள் நூர்ஜஹான். பதில் தெரிந்தே கேட்ட கேள்வி.

அவர் சிரித்தார். உள்ளே போய் ஒரு பழைய பெட்டியிலிருந்து தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்தார். 1941. கையெழுத்தில் எழுதி அச்செடுத்தது. ஒரு தும்பிக்கைகூட இல்லை. "இருபத்தொரு வயசுல மாத்திக்கிட்ட எழுத்து. அரசாங்கத்துக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சுது."

பக்கீர் பத்திரிகையையும் அக்காள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ஐயா, நாங்க ஒரு யானையைப் பிடிக்க வந்தோம். நீங்க தும்பிக்கையை நாப்பத்தொண்ணுக்கு முன்னாடியே வெட்டிட்டீங்க."

"ஒப்பிட்டுப் பாக்க உங்க எழுத்துல ஏதாவது ஒண்ணு தர்றீங்களா?" என்றாள் நூர்ஜஹான். தோற்றுப்போனவள் கேட்கும் குரலில்தான் கேட்டாள். அவர் தன் மகளுக்கு வீட்டுமனை வாங்கியபோது தானே எழுதிய 1970-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தைக் கொடுத்தார். "பத்திரமாத் திருப்பிக் கொடுத்துடுங்க. கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் வர்றேன். தெரிஞ்சதைத்தான் சொல்லுவேன். உங்களுக்காகவும் மாத்த மாட்டேன், அவங்களுக்காகவும் மாத்த மாட்டேன்."

பஸ் ஏறித் தஞ்சாவூருக்குத் திரும்பினார்கள்.

கோர்ட் வாசலில் மிஷினை மூடியபடியே வைத்துவிட்டு, நூர்ஜஹான் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே சாய்வு. அதே 'லை'. அதே கையெழுத்துக் கொக்கி. ஒரு மணி நேரம் பார்த்தாள். வித்தியாசமே இல்லை. அவ்வளவு ஒற்றுமைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதன் நாலு வருஷ இடைவெளியில் தன் எழுத்தையே இவ்வளவு அச்சாகக் காப்பியடிக்க மாட்டான்.

அப்போது ஒரு கிராமத்துப் பெண் மனு அடிக்க வந்தாள். நூர்ஜஹான் மிஷினைத் திறந்து மாட்டிய காகிதத்தைக் காட்டி, "மொதல்ல மேல பிள்ளையார் சுழி போட்டுட்டு ஆரம்பிங்க" என்றாள். தினமும் நாலு பேராவது கேட்பதுதான். நூர்ஜஹானும் தட்டிக் கொடுப்பதுதான். 'உ' அடித்து, கீழே ஒரு கோடு.

அவள் விரல் அந்தக் கோட்டிலேயே நின்றுவிட்டது.

இளையபெருமாளின் 1970 ஒப்பந்தத்தின் தலை வெறுமையாக இருந்தது. கறுப்புச் சட்டைக்காரர் சுழி போட மாட்டார். சரி. இந்தப் பிரதியிலும் சுழி இல்லை. ஆனால் பிரதியின் முதல் வரியே தாளின் விளிம்பை ஒட்டித் தொடங்கியது. மேலே ஓரமே இல்லை. எழுதிய தாள் நீளம், போட்டோஸ்டாட் தாள் குட்டை. மேலே ஓர் அங்குலம் வெட்டுப்பட்டிருந்தது.

"பக்கீரு, ரெத்தினம் ஐயாகிட்ட சொல்லு. நாளைக்கு அசலைப் பார்வையிட மனு போடணும். கோர்ட் ரிக்கார்டு ரூம்ல."

"என்ன பாக்கப்போற?"

"இல்லாத ஓர் அங்குலத்தை."

வக்கீல் ரெத்தினம் பண்ணையாள் மகனாகப் பிறந்து, அரசாங்க விடுதியில் தங்கிச் சட்டம் படித்தவர். நெடுநெடுவென்று வளர்ந்து, எப்போதும் அவசரத்தில் இருப்பவர். மறுநாள் ரிக்கார்டு ரூமில் குமாஸ்தா கட்டைப் பிரித்து அசல் சீட்டை மேசையில் வைத்தபோது அவருடைய அவசரம் நின்றது. தாளின் உச்சியில், நடுவில், பக்தி சிரத்தையோடு ஒரு பிள்ளையார் சுழி. கீழே இரண்டு கோடு.

"எழுத்தைப் பார்த்துக் காப்பியடிச்சிருக்கான்," என்றாள் நூர்ஜஹான். "ஆளைப் பாக்கல. பேனா எடுத்ததும் கை தானாச் சுழியைப் போட்டுடுச்சு."

"கணக்குப்பிள்ளையோட கை," என்றான் பக்கீர். "பேரேட்டுல பக்கத்துக்குப் பக்கம் சுழி போட்டே பழகின கை. பிள்ளையார் வஞ்சம் தீர்த்துட்டார்."

ரெத்தினம் தாளைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "பெரியவரை நாம சாட்சியாக் கூப்பிட்டா, நாம சொல்லிக்கொடுத்ததா சொல்லுவாங்க. அவங்களே கூப்பிட்டா நல்லாருக்கும்."

"கூப்பிடுவாங்க," என்றாள் நூர்ஜஹான். "பக்கீருக்கு வாய் எதுக்கு இருக்கு?"

அன்று மத்தியானம் கோர்ட் கேண்டீனில், கணக்குப்பிள்ளைக்குப் பின்பக்கத்து மேசையில் உட்கார்ந்து பக்கீர் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் உரக்கப் புலம்பினான். "எல்லாம் போச்சு அண்ணே. எழுதினவர் ஒரத்தநாட்டுல உசுரோட இருக்கார். பிரதியைப் பாத்துட்டு என் எழுத்துதான்னு சொல்லிட்டார். நல்லவேளை, எதிர்ப்பக்கத்துக்குத் தெரியாது." கணக்குப்பிள்ளை பாதித் தோசையை விட்டுவிட்டு எழுந்து போனார்.

எட்டாம் நாள், பிரதிவாதித் தரப்பு சாட்சியாக இளையபெருமாள் கூண்டேறினார். கறுப்புச் சட்டை. பெஞ்சில் முன்வரிசையில் தியாகசுந்தரம், நெற்றி நிறைய விபூதியோடு, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தார். கடவுள் சாட்சியாகச் சத்தியம் செய்யச் சொன்னபோது பெரியவர் மறுத்து, உளமார உறுதி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பொருட்படுத்தவில்லை. பிரதியைக் காட்டி, எழுத்தும் கையெழுத்தும் அவருடையது போலிருப்பதாகச் சொல்லவைத்து, திருப்தியோடு உட்கார்ந்தார்.

ரெத்தினம் எழுந்தார்.

"ஐயா, நீங்க பிரதியைத்தான் பாத்தீங்க. அசலைப் பாத்தீங்களா?"

"இல்ல."

"இந்தாங்க. உச்சியிலேருந்து படிங்க."

இளையபெருமாள் கண்ணாடியைப் போட்டார். அசலைக் கையில் வாங்கினார். பார்வை தாளின் உச்சியிலேயே நின்றது. நூர்ஜஹான் பின்வரிசையில் தன் விரல்களைப் பிணைத்துக்கொண்டாள். மனிதர் சபலப்பட்டுவிட்டால்? யாராவது நேற்றே போய்ப் பார்த்திருந்தால்?

"படிங்கய்யா," என்றார் ஜட்ஜ்.

"இதைப் படிக்க மாட்டேங்க. இது நான் எழுதினது இல்ல."

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். "இப்பத்தானே உங்க எழுத்துன்னீங்க?"

"என் எழுத்து மாதிரி இருக்குன்னேன். மேல சுழி போட்டிருக்கு. நான் சுழி போடுறவன் இல்ல."

"வந்தவங்க கேட்டிருப்பாங்க. தொழிலுக்காகப் போட்டிருப்பீங்க."

"கேட்டாங்க. நூறு பேர் கேட்டாங்க. போட மாட்டேன்னதும் பக்கத்து எழுத்தர்கிட்ட போனாங்க. என் மாமனார் சொத்துப் பத்திரத்துக்கே போடல, ஒன்றரை வருசம் பேசாம இருந்தார். அதனாலதான் எனக்குத் தொழில் படுத்துச்சு. திருவையாத்துல யாரை வேணாலும் கேளுங்க." பெரியவர் தாளைத் திருப்பி நீட்டினார். "வயித்துக்குக்கூடப் போடாததை இந்த மிராசுக்காகவா போட்டிருப்பேன்?"

ரெத்தினம், பதிவு அலுவலகத்திலிருந்து எடுத்து வைத்திருந்த இளையபெருமாளின் ஏழு பத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஜட்ஜ் மேசையில் வைத்தார். ஏழின் தலையும் மொட்டை. கணக்குப்பிள்ளை அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். தியாகசுந்தரத்தின் அங்கவஸ்திரம் தோளிலிருந்து நழுவியது. அவர் அதை எடுக்கவில்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் நூர்ஜஹான் நினைத்தாள். ரெத்தினமும் அப்படித்தான் நினைத்தார். மத்தியானம் காத்தான் கூண்டில் ஏறியபோது, கடைசி ஆணியை அடிக்கும் குரலில் கேட்டார்.

"காத்தான், இந்தச் சீட்டு 1974-ல எழுதினதா?"

காத்தான் மிராசுதாரைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லிங்க. போன வருசந்தான் கையில குடுத்தாங்க. இதைக் காட்டலன்னா குடிசையைப் பிரிச்சுப் போட்டுடுவோம்னாங்க. குடிசை அவங்க மனையில இருக்குங்க."

"அப்ப நீங்க அந்த நெலத்தை உழவே இல்ல. சரிதானே?"

காத்தான் நிமிர்ந்தார். அத்தனை நாளில் நூர்ஜஹான் அவர் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"சீட்டு பொய்ங்கய்யா. உழவு பொய்யில்லிங்க."

ரெத்தினம் கையிலிருந்த குறிப்பைப் பார்த்தார். அதில் இதற்கு அடுத்த கேள்வி இல்லை. தன் கட்சிக்காரிக்கு அந்த இடத்தோடு நிறுத்துவதே லாபம் என்று அவருக்குத் தெரியும். ஒரு கணம் நின்றார். பிறகு, வக்கீல் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார்.

"எந்த மூலை மேடு? எந்த மூலை பள்ளம்?"

"கெழக்கால மடைகிட்ட பள்ளங்க. தண்ணி நின்னுக்கிட்டே இருக்கும், அங்க ரெண்டு நாள் தள்ளித்தான் நடணும். மேல மூலை உவரு. மொதல்ல நாத்தெல்லாம் கருகிப் போயிடும். வருசா வருசம் தழை வெட்டிப் போட்டு மிதிச்சு மிதிச்சு இப்பத்தான் நாலு வருசமாப் பயிர் நிக்குது. வாரத்துக்குத்தாங்க உழுதேன். களத்துல அவங்க அளந்து எடுத்துக்கிட்டது போக மிச்சத்தைக் குடுப்பாங்க. ரசீது கேட்டா, உனக்குப் படிக்கவா தெரியும்பாங்க."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"யாரும் கேக்கலிங்களே."

நூர்ஜஹானுக்குக் காது சூடானது. வழக்கு மனுவை அடித்தது அவள். ஏழாம் பாராவில், 'இரண்டாம் பிரதிவாதி மேற்படி நிலத்தில் ஒருபோதும் உழவு செய்தவரல்ல' என்று ஒரு வரி இருந்தது. ஊரிலுள்ள காகிதம் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், தான் அடித்த அந்த ஒரு வரியைச் சந்தேகப்படவில்லை. சுவரோரம் குந்தியிருந்த மனிதரிடம் போய் ஒரு வார்த்தை கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

மிராசுதாரின் ஏமாற்று இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. குத்தகைக்காரர் இருப்பதை மறைத்து கமருன்னிஸாவுக்கு விற்றார். அதே குத்தகைக்காரருக்கு இத்தனை வருஷமாகச் சீட்டுக் கொடுக்காமல் ஏய்த்தார். நிலத்தைத் திருப்பிப் பிடுங்க வேண்டும் என்றபோது மட்டும், நிஜமாக இருந்த உரிமைக்குப் பொய்யாக ஒரு சீட்டு எழுதினார்.

வராந்தாவில் கமருன்னிஸா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஜெயிச்சேனா தோத்தேனா, அதை மட்டும் சொல்லுங்க லாத்தா."

"சீட்டு விழுந்துடுச்சு. அவர் விழல," என்றாள் நூர்ஜஹான். "நாம இத்தோட நிறுத்திக்கிட்டா, கையில ரிக்கார்டு இல்லாத அவர் எந்திரிக்கிறது கஷ்டம். நெலம் முழுசா உங்க கைக்கு வந்துடலாம். மனுவை மாத்தினா நீங்க சொந்தக்காரர், அவர் குத்தகைக்காரர். மிராசுகிட்ட நஷ்டத்தைக் கேக்கலாம். முடிவு உங்களுது."

கமருன்னிஸா படியிறங்கிப் போய்விட்டாள். கோபமாகத்தான் போனாள். ஏழு வருஷம் வெயிலில் நின்றது அவள் புருஷன். நூர்ஜஹானோ ரெத்தினமோ இல்லை.

ஐந்தாம் நாள் வந்தாள். பனையடிமங்கலம் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். "மேல மூலையில பயிர் நிக்கத்தான் செய்யுது. எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. யாரையாவது விட்டுத்தான் உழணும். அந்த மண்ணு தெரிஞ்ச ஆளே இருக்கட்டும். ஆனா எங்க வீட்டுல வந்து காபி குடிச்சாரே, அந்த ஆளை மட்டும் விடாதீங்க."

விடவில்லை. அடுத்த வாய்தாவில் தியாகசுந்தரம் தரப்பு சமாதானம் பேச வந்தது. கமருன்னிஸா எழுந்து போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். தீர்ப்பு வரப் பதினாலு மாதம் ஆயிற்று. நிலம் அவளுடையது, குத்தகை காத்தானுடையது, குத்தகைதாரரை மறைத்து விற்றதற்காகக் கிரயத் தொகையில் பாதியையும் செலவையும் மிராசுதார் திருப்பித் தர வேண்டும் என்றார் ஜட்ஜ். பொய்ச் சீட்டு போலீஸுக்குப் போனது. அதில் முதலில் வாயைத் திறந்தவர் கணக்குப்பிள்ளை. காத்தானின் குடிசை மனைக்குத் தனியாக மனுப் போட்டுப் பட்டா வாங்கிக் கொடுத்தார் ரெத்தினம். அதற்கு அவர் ஃபீஸ் வாங்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

ஆனால் நூர்ஜஹானுக்கு அந்த வழக்கில் நினைவில் நின்றது தீர்ப்பு நாள் இல்லை. கமருன்னிஸா சம்மதம் சொன்ன அன்று, கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் திருத்த மனு அடித்த மத்தியானம்தான். எதிரே பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னாள். காத்தான் தயங்கித் தயங்கி நுனியில் உட்கார்ந்தார். பக்கீர் அவருக்கு டீ வாங்கி வந்தான்.

"என்னிலேருந்து உழறீங்க? வருசம் சொல்லுங்க," என்றாள் நூர்ஜஹான், விரல்களை எழுத்துகள் மேல் வைத்தபடி.

"வருசக் கணக்கு தெரியாதுங்க. சூரியன் மொத மொதல்ல ஜெயிச்சு ஆட்சிக்கு வந்துச்சில்லிங்களா, அதுக்கு முந்தின சம்பாவுக்கு அந்த வயல்ல நாத்து விட்டது நானுங்க. என் மக பொறந்து இருபது நாளு."

பக்கீர் விரல் விட்டு எண்ணினான். 1967 தேர்தல். அதற்கு முந்தின சம்பா. பொய்ச் சீட்டில் இருந்ததோ 1974. மறுபடியும் எண்ணிப் பார்த்தான்.

"பொய் எழுதும்போதுகூட எட்டு வருசத்தைத் திருடியிருக்காங்க, லாத்தா," என்றான்.

வாழ்நாளில் அவன் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லாத ஒரே வாக்கியம் அதுவாக இருக்கும். நூர்ஜஹான் ஏழாம் பாராவுக்கு வந்து, 1966 என்று அடித்தாள்.